அழியாத ஒன்றரை அங்குலம்

டுலூத்தில் பழைய ஹாக்கி அரங்கைப் பிரித்தபோது
சுற்றுச்சுவரின் அக்ரிலிக் பலகைகளைக்
குப்பை லாரிக்கென்று சாய்த்து வைத்திருந்தார்கள்.
நாற்பது டாலர் கேட்டான் மேஸ்திரி.
இருபத்தைந்தும் ஒரு பொட்டலம் புகைபோட்ட மீனும் கொடுத்து
ஒன்றை வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன்.
ஏரிக் காற்றில் வழியெல்லாம்
படபடவென்று திட்டிக்கொண்டே வந்தது.

கீழே மேசையாவது வெண்டெல் வீட்டுப் பழைய கதவு.
கைப்பிடி ஓட்டையில்
மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்தேன்.
கதவின் மேல் வெள்ளைத் தாள்,
தாளில் அங்குலத்துக்கு ஒரு கோடு,
குறுக்கே முப்பது, நெடுக்கே எழுபத்திரண்டு.
கடைசி வரிசை மட்டும் கோணல்:
அப்போது ரேடியோவில்
கூடுதல் நேர ஆட்டம்.

அக்ரிலிக்கை அவசரப்பட்டு அறுத்தால்
ரம்பப்பல் சூடேறி
வெட்டிய வாய் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.
மெல்ல அறுத்தேன்.
துளை போடும்போது மூச்சுகூட விடவில்லை.
மூன்று துளை நல்லபடி.
நாலாவதில் திருகை ஒரு சுற்று கூட முறுக்க
மூலையிலிருந்து முடிபோல் ஒரு விரிசல்
ஓடி
நின்றது.
அதன் மேல் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்ததும் வெண்டெல்
முதல் வேலையாகப் பாட்டிலை எடுத்துத்தான் குடித்தான்.

பக் பட்ட கறுப்புத் தடங்கள்
சோப்புத் தண்ணீருக்குப் போயின.
ஒன்று மட்டும் கறையில்லை, வடு.
நடுவே, சற்று இடப்பக்கம்,
நகம் வைத்தால் பிடிக்கும்
ஒன்றரை அங்குலம்.

கதை நடத்துபவள் மாரிட்.
நீல மார்க்கரில் ஓர் ஆறு போட்டாள்,
கரையில் சந்தை, சந்தைக்குப் பின்னால் சிறை.
வடு ஆற்றின் குறுக்கே விழுந்த மரமாயிற்று.
அடுத்த வாரம் ஈரத்துணியால் ஒரே இழுப்பு:
ஆறு போச்சு, சந்தை போச்சு,
சிறையிலிருந்த அத்தனை பேரும் விடுதலை.
வடு அந்த வாரம் கோட்டைச் சுவரில் ஒரு பிளவு.
அதற்கடுத்த வாரம் உறங்கும் பாம்பு.

இரவுப் பணிக்குப் போகுமுன்
சீருடையோடு ஆடவரும் கோரின்
ஒருநாள் பகடையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:
"இது என் அடி."
பதினாறு வயதில், அரையிறுதியில்,
கடைசி நிமிடத்தில் கோல் கம்பத்தைத் தாண்டிப்போய்
சுவரில் மோதிய பந்தயத்தின் முடிவு.
"அந்த அரங்கில் நூறு பலகை இருந்திருக்கும்,
ஆயிரம் பேர் அடித்திருப்பார்கள்,"
என்றான் வெண்டெல்.
அவள் பதில் சொல்லவில்லை.
தன் ஈயப் பொம்மையை, கோடாரி ஏந்திய குள்ளச்சியை,
வடுவின் மேல் நிறுத்தி உருட்டினாள்.
மூன்று விழுந்தது.
இருபது முகமுள்ள பகடையில் மூன்று.

பிப்ரவரியில் டாரெல் தப்பான மார்க்கரை எடுத்து
ஒரு முழு அரண்மனையைக் கட்டிவிட்டான்,
பதினோரு கோபுரம், கொடிமரம் உட்பட.
துணிக்கு அசையவில்லை அரண்மனை.
சாராயத்தால் துடைத்தால்
அக்ரிலிக் வெளுத்து நொறுங்கும் என்று கத்தினேன்.
மாரிட் மட்டும் பதறாமல்
அழியும் மார்க்கரால்
ஒவ்வொரு கோபுரத்தின் மேலும் மறுபடி கோபுரம் வரைந்தாள்.
பொறுமையாக, கொடிமரம் உட்பட.
பிறகு துடைத்தாள்.
இரண்டு அரண்மனையும் சேர்ந்து போயின.

அந்தச் சூட்டோடு நான் கடைக்குப் போய்
மெருகுப் பசையும்
மாவுபோன்ற உப்புத்தாளும் வாங்கிவந்தேன்.
"நடுவில் இருப்பதையும் தேய்த்து எடுத்துவிடுகிறேன்,
மேசை புதுசாகிவிடும்."
டாரெல் குறிப்பேட்டைப் புரட்டினான்.
கோரின் காலணி நாடாவைக் கட்டத் தொடங்கினாள்,
கட்டியிருந்த நாடாவை.
வெண்டெல்தான் சொன்னான்:
"மாரிட் அங்கே கணவாய் போட்டிருக்கா.
நாங்க இன்னும் தாண்டல."

பசை டப்பா மூடி திறக்காமல்
பெயின்ட் அலமாரியில் இருக்கிறது.

இன்று கடல் வரைந்த நாள்.
எல்லோரும் போனபின் துடைக்கிறேன்.
நீலமும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து
துணி சேற்றுநிறம்.
கப்பல்கள் போய்விட்டன.
துணியின் நூல் அந்த இடத்தில் மட்டும்
லேசாகச் சிக்கும்;
நான் அவசரப்பட்டு இழுப்பதில்லை.
வெளியே வெண்டெலின் வண்டி
தெருவின் பனியைத் தள்ளிக்கொண்டு போகிறது.